வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

மே மாதத்தில் ஊட்டி மலர்க் காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களில் பாதி, வரும் வழியில் ஏதாவது ஒரு பூச்செடியை வாங்காமல் கீழே இறங்குவதில்லை. அதில் பான்சிக்குத் தனி மவுசு. ஐந்து இதழ்கள், நடுவில் மை கொட்டியது போல ஒரு கறுத்த மறு, அதன் மையத்தில் மஞ்சள் கண். ஊதாவும் மஞ்சளும் மெரூனுமாகத் தொட்டிக்கு ஒரு நிறம். காரைக்குடி வந்து சேரும்வரை செடி நன்றாகத்தான் இருக்கும். முதல் வாரம் பூ சிறுக்கும். இரண்டாம் வாரம் தண்டு இளைத்து நீளும். அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் மொத்தமாகத் தலைசாயும். வீட்டில் உள்ளவர்கள் பூச்சி மருந்துக் கடைக்குப் போவார்கள்.

போக வேண்டிய இடம் அதுவல்ல. ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா கடல்மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 1848-இல் வில்லியம் கிரஹாம் மக்கைவர் அதை உருவாக்கத் தொடங்கியபோதே, இங்கிலாந்துத் தோட்டச் செடிகள் தழைக்கக்கூடிய மலைச்சரிவு என்பதுதான் அதன் கவர்ச்சி. 1896-இல் தொடங்கிய மலர்க் காட்சியும் அந்தக் குளிரை நம்பித்தான் மே மாதத்தில் நடக்கிறது. காரைக்குடியோ நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. நூறு மீட்டர் மேலே போனால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. போட்டுப் பார்த்தால், உயரத்தால் மட்டுமே இரண்டு ஊர்களுக்கும் இடையில் 14 டிகிரி வித்தியாசம் வருகிறது. மே மாதத்துச் செட்டிநாட்டில் பான்சிக்கு மருந்தே கிடையாது. அந்த மாதத்தில் வாங்கிவராமல் இருப்பதுதான் மருந்து.

ஆனால் மார்கழியில்? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் காரைக்குடியின் இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கும், பகல் 30-ஐ ஒட்டி நிற்கும். பான்சி விரும்புவது இதைவிடக் குளிரை. 7-லிருந்து 20 டிகிரிவரை அதற்குச் சுகம். இருந்தாலும் மார்கழி, தை இரண்டு மாதமும் அது தாங்கும், பூக்கும். தாங்குகிற நிலையில் இருக்கும் செடிக்குத்தான் நோயும் பூச்சியும் வரும், அதைத் தடுக்கவும் முடியும்.

தாவர நோயியலில் ஒரு முக்கோணம் உண்டு: செடி, கிருமி, சூழல். மூன்றும் ஒத்துப்போனால்தான் நோய். கிருமியை நாம் பார்க்க முடியாது. செடியின் மரபை மாற்ற முடியாது. கைக்கு எட்டுவது சூழல் ஒன்றுதான். பான்சி விஷயத்தில் சூழல் என்றால் முதலில் வேரைச் சுற்றியுள்ள தண்ணீர்.

கானாடுகாத்தானில் தெரிந்த ஒரு ஆச்சி வீட்டில் இதை நேரில் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, அடியில் தண்ணீர் தேங்கிய தட்டு. செடி துவண்டு கிடந்தது. “காலையில ஒரு செம்பு, சாயந்தரம் ஒரு செம்பு ஊத்துறேன் தம்பி. அப்பவும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே நிக்குது” என்றார்கள். செடியை மண்ணோடு எடுத்து, வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசி, ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் பழுப்புச் சதையாக உறை கழன்றது போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே மெல்லிய வெள்ளை நரம்பு மட்டும் மிச்சம் நின்றது. “இது வேரா, நூலா?” என்று ஆச்சி கேட்டார்கள். வேர்தான். நீரை உறிஞ்சும் பகுதி அழுகிப்போய், உள்ளிருக்கும் குழாய் மட்டும் நிற்கிறது. பித்தியம் என்ற கிருமி விட்டுச்செல்லும் அடையாளம் இது. நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், இழுத்தால் நறுக்கென்று ஒடியும்.

நடந்தது என்ன? பத்து டிகிரிக் குளிர்நீரில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரி நீரில் அது ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். வெப்பம் கூடக்கூட வேரின் சுவாசமோ அதிகரிக்கிறது. பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரட்டிப்பு. தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது. தட்டில் தண்ணீர் தேங்கினால் மண்ணின் காற்றறைகளும் நிரம்பிவிடும். மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சாது. எனவே நீருக்கு நடுவிலேயே செடி வாடுகிறது. பார்ப்பவருக்கு அது தாகமாகத் தெரிகிறது, இன்னொரு செம்பு ஊற்றுகிறார். மூச்சு முட்டிய வேரிலிருந்து கசியும் சர்க்கரையை மோப்பம் பிடித்துக்கொண்டு பித்தியம் வருகிறது.

வருகிறது என்பதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். பித்தியத்தின் இயங்கு வித்துகளுக்கு இரண்டு சவுக்கிழைகள் உண்டு. மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீர்ப்படலத்தில் அவை நீந்தும், வேரின் நுனியை நோக்கித் திரும்பும், ஒட்டிக்கொண்டு முளைவிடும். நீர்ப்படலம் தொடர்ச்சியாக இல்லாவிட்டால் நீச்சல் நின்றுபோகும். இரண்டு நீர்ப்பாய்ச்சலுக்கு இடையில் மேல்மண் காய வேண்டும் என்று தோட்டக்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். பித்தியத்தில் குளிரை விரும்பும் இனங்களும் உண்டு, வெப்பத்தை விரும்பும் இனங்களும் உண்டு. நம் ஊரில் தொல்லை தருவது பித்தியம் அஃபானிடெர்மேட்டம். 30 டிகிரிக்கு மேல்தான் அதற்குக் கொண்டாட்டம். பான்சி எந்த வெப்பத்தில் தளர்கிறதோ, அந்த வெப்பத்தில் இது துள்ளுகிறது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடைக்காரர்கள் பூஞ்சாணக்கொல்லி என்று கொடுப்பது பெரும்பாலும் கார்பன்டாசிம். பித்தியம் பார்க்கப் பூஞ்சை போல நூலிழையாக வளர்ந்தாலும் உண்மையில் பூஞ்சை அல்ல. அதன் உறவு பழுப்புக் கடற்பாசிகளோடு. அதன் செல்சுவரில் இருப்பது செல்லுலோஸ், பூஞ்சைகளுக்குரிய கைட்டின் அன்று. கார்பன்டாசிம் அதனிடம் பலிக்காது. காசு கொடுத்து வாங்கி, கலக்கி ஊற்றி, கூடவே இன்னும் கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்ததுதான் மிச்சம். ஆரம்ப நிலையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரடியில் ஊற்றலாம். வேர் பாதிக்கு மேல் போயிருந்தால் எதுவும் வேண்டாம். செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த தொட்டியைக் காப்பாற்றுங்கள். முன்கூட்டியே செய்வதென்றால் டிரைக்கோடெர்மா விரிடி நல்ல தேர்வு. வேளாண் மையங்களில் பொடியாகக் கிடைக்கும். மக்கிய எருவில் கலந்து நடும்போதே இட வேண்டும். அது உயிருள்ள பூஞ்சை. வேரைச் சுற்றி முதலில் இடம்பிடித்து, பின்னால் வரும் கிருமியின் இழைகளைச் சுற்றி வளைத்துத் தின்னும். தாமிர மருந்தையும் இதையும் ஒரே வாரத்தில் கொடுத்தால், மருந்து இதையும் சேர்த்துக் கொன்றுவிடும். பலர் செய்யும் தவறு இது.

தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் சுவரோரம் கையை வைத்துப் பாருங்கள், எடுத்துவிடுவீர்கள். வேர் போய்ச் சேர்வது அந்தச் சுவரோரத்துக்குத்தான். இதே சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரை இருக்கிறது. அங்குள்ள மண்பாண்டத் தொழிலைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெருகேற்றாத மண்தொட்டியின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அதில் பெரும்பங்கைத் தொட்டிச் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பானைத் தண்ணீர் குளிரும் அதே வேலைதான். கூடவே அந்தத் துளைகள் வழியாக வேருக்குக் காற்றும் போகிறது. வெப்பம், மூச்சுமுட்டல் என்ற இரண்டுக்கும் ஒரே தீர்வு. பெயிண்ட் அடித்த மண்தொட்டியில் இந்த வேலை நடக்காது. அழகுக்காகத் தொட்டிக்கு வர்ணம் பூசும் வழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இது ஒரு காரணம்.

இனி தண்ணீரின் தன்மை. செட்டிநாட்டின் செம்மண்ணும் சரளையும் இரும்பால் சிவந்தவை. அந்த மண்ணில் வளரும் செடிக்கு இரும்புச் சத்துக் குறையும் என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் பான்சித் தொட்டிகளில் அடிக்கடி காண்பது அதுதான். இளம் இலை வெளிர்மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். குற்றவாளி, போர்வெல் தண்ணீர். கடினநீரிலுள்ள பைகார்பனேட் நாள்தோறும் தொட்டியில் சேர்ந்து மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளுகிறது. தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளேயும் அது நடக்கிறது என்று பொருள். பி.எச். ஒரு அலகு ஏறினால் கரைந்திருக்கும் ஃபெரிக் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இரும்பு மண்ணில் இருக்கும், வேருக்குக் கிடைக்காது. பான்சிக்குச் சரியான பி.எச். 5.4-லிருந்து 5.8 வரை. இது பெரும்பாலான பூச்செடிகள் கேட்பதைவிடச் சற்றே அமிலம். அதற்கு மேல் போனால் போரான் சத்தும் எட்டாமல், நுனி இலைகள் சுருங்கித் தடித்து நார்போல வளரும். இதைப் பார்த்து வைரஸ் நோய் என்று செடியை வீசியவர்கள் உண்டு. அதைவிட மோசம், தியலாவியாப்சிஸ் என்ற பூஞ்சை உண்டாக்கும் கருவேரழுகல். அமில மண்ணில் அடங்கிக் கிடக்கும் அது, காரம் ஏறியதும் எழுந்துகொள்கிறது. வேரில் அங்கங்கே கரிக்கோடு போட்டது போல் கறுத்திருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். மஞ்சளாகிறதே என்று யூரியாவை அள்ளிப் போடுவதால் இவற்றில் எதுவும் தீராது.

தீர்வு இந்த ஊரின் கட்டடக் கலையிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரை உட்பக்கமாகச் சரிந்து வளவு முற்றத்தில் மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும். பெரிய பித்தளை அண்டாக்களை வைத்து அந்த நீரைப் பிடித்தவர்கள் நம் பாட்டிகள். மழைநீரில் பைகார்பனேட் கிட்டத்தட்ட இல்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு கரைவதால் தூய மழைநீரின் பி.எச். 5.6 அளவில் இருக்கும். அந்த எண் பான்சியின் விருப்பத்தோடு ஒத்துப்போவது தற்செயல். மழைநீர் மண்ணின் பி.எச்.-ஐ அதிகம் இறக்காது, ஏற்றாமல் இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில்தான் பான்சிப் பருவம் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் பத்துப் பதினைந்து தொட்டிக்குப் பருவம் முழுக்கப் போதும். மூடி முக்கியம், இல்லாவிட்டால் கொசு வளர்த்ததாகிவிடும்.

முற்றம் இன்னொரு விதத்திலும் உதவும். பான்சிக்குத் தினமும் நாலைந்து மணி நேர வெயில் வேண்டும், ஆனால் நடுப்பகல் வெயில் ஆகாது. மார்கழியில் நம் ஊருக்குச் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. ஆகவே முற்றத்தின் வடக்கு விளிம்பு உச்சிப்பொழுதில் சுடும். மேற்கு விளிம்பில் காலை வெயில் விழுந்து, நேரம் ஏற ஏற விலகிவிடும். அங்கே வையுங்கள். தொட்டியைக் கல்தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் தரைச்சூடு ஏறாது, அடித்துளையும் அடைபடாது.

விதையிலிருந்து வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு என் யோசனை: வேண்டாம். பான்சி விதை முளைக்க இருட்டும் 18-லிருந்து 20 டிகிரியும் வேண்டும். பூக்கப் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். மார்கழியில் பூ வேண்டுமென்றால் புரட்டாசியில் விதைக்க வேண்டும். புரட்டாசியில் காரைக்குடி எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே. முளைத்ததும் நாற்றழுகல் வந்து, தண்டு தரைமட்டத்தில் நூலாய் இளைத்து, கூட்டமாகச் சாயும். குளிர்ந்த ஊர் நர்சரியில் வளர்ந்த நாற்றைக் கார்த்திகைக் கடைசியில் வாங்குவதே புத்திசாலித்தனம். வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், இலையின் அடியைப் பாருங்கள். பெரிய பூ வகையைவிடச் சிறு பூ வயோலாக்கள் வெப்பத்தை ஓரளவு கூடுதலாகத் தாங்கும்.

இந்தப் பெரிய பூக்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கும் அவற்றின் மென்மைக்கும் தொடர்பு இருக்கிறது. 1810-களில் இங்கிலாந்தின் ஐவர் கிராமத்தில், கேம்பியர் பிரபுவின் தோட்டக்காரர் வில்லியம் தாம்சன், ஐரோப்பியக் காட்டு வயோலாக்களைக் கலப்பினம் செய்யத் தொடங்கினார். கிட்டத்தட்ட அதே காலத்தில் வால்டன்-ஆன்-தேம்ஸில் மேரி பென்னட் என்ற சீமாட்டியும் அதே வேலையில் இறங்கியிருந்தார். 1839-இல் தாம்சனின் தோட்டத்தில்தான் நடுவில் மறுவுள்ள பூ முதன்முதலாகக் கண்ணில் பட்டது என்பார்கள். அதற்குமுன் மெல்லிய கோடுகள் மட்டுமே. இருநூறு ஆண்டுகளாக மனிதர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தது நிறத்தையும் அகலத்தையும். காரைக்குடி வெயிலை யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

இலை நோய்களுக்கு வருவோம். வேருக்கு நான் செலவழித்த இடத்தை இலைக்குச் செலவழிக்கப் போவதில்லை, ஏனென்றால் இங்கே ஆபத்து குறைவு. செர்க்கோஸ்போராவும் கொல்லட்டோட்ரைக்கமும் இலையில் பழுப்பு வட்டங்களைப் போடும். கொல்லட்டோட்ரைக்கம் பூவிதழையும் கெடுக்கும். இவற்றின் வித்து முளைக்க இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மார்கழிப் பனியே பாதி ஈரத்தைத் தருகிறது, மாலையில் செடி தலையில் தண்ணீர் தெளித்தால் மீதியை நாம் தருகிறோம். காலையில், மண்ணுக்கு மட்டும், இலை நனையாமல் ஊற்றுங்கள். சாம்பல் நோய் இதற்கு விதிவிலக்கு. அதன் வித்துக்கு நீர்த்துளி தேவையில்லை, தண்ணீர் பட்டால் கெட்டும்போகும். காற்றிலுள்ள ஈரப்பதமும் நெருக்கமும் போதும். தொட்டிகளைத் தள்ளி வைத்தாலே பாதி குறையும். பாலை நீரில் கலந்து தெளிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் 1999-இல் சுக்கினிச் செடியில் அதைச் சோதித்து, சாம்பல் நோய் அடங்குவதைக் காட்டியிருக்கிறார். அது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல. ஊட்டியில் பெரிய தலைவலியாகக் கூடிய போட்ரைட்டிஸ் என்ற சாம்பல்நிறப் பூசணமும் அடிச்சாம்பலும் குளிரும் ஈரமும் சேர்ந்தால் வருபவை. நம் ஊரில் அவற்றுக்கு அவ்வளவு வசதியில்லை. வாடிய பூக்களை அன்றன்றைக்குக் கிள்ளிவிட்டால் போட்ரைட்டிஸும் வராது, புதுமொட்டும் நிற்காது.

பூச்சிகளில் முதல் வரவு அசுவினி. மொட்டின் கழுத்தில் பச்சையாக மொய்க்கும். இவற்றில் ஆண் தேவையில்லை. தாய் நேரடியாகக் குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் தாயாகும். தைமாதம் ஒன்று இருந்தால் மாசியில் எத்தனை என்று கணக்கிடுவது வீண் வேலை. எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்பு, அசுவினி கசியவிடும் தேன்துளிக்காக அதைக் காவல் காக்கிறது, பொறிவண்டுகளை விரட்டுகிறது. எறும்பைத் தடுத்தால் பொறிவண்டு வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, செஞ்சிலந்திப் பேன். காய்ந்த வெப்பத்தில், அதாவது மாசி பிறந்ததும் வரும். இலை மேலே தூசி படிந்தது போல் வெளுத்த புள்ளிகள். இலையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் மிளகுத்தூள் போல விழுவது நகர ஆரம்பிக்கும். எட்டுக்கால் உயிரி, பூச்சி அல்ல. ஆகவே இமிடாகுளோபிரிட் அடித்தால் சாகாது. அந்த மருந்தால் அதன் எதிரிகள் செத்து, இது பெருகியதாகப் பல பயிர்களில் பதிவாகியிருக்கிறது. காலை வேளையில் இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிவிட்டு வெயிலில் உலரவிடுவதே முதல் வைத்தியம். இலையை நனைக்காதே என்று முன்பு சொன்னதற்கு இது முரண் இல்லை. அரை மணி நேர ஈரம் வேறு, இரவு முழுதும் நிற்கும் ஈரம் வேறு.

முள்முள்ளாய்க் கம்பளிப்புழு இலையைத் தின்றால் மருந்தடிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நீலகிரியில் இந்தியன் ஃபிரிட்டிலரி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு வயோலாக்களைத் தின்றுதான் வளர்கிறது. நம் சமவெளியில் வயோலா குடும்பத்தைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சி வேறு: டானி காஸ்டர். செம்மஞ்சள் இறக்கையில் கரும்புள்ளிகளோடு வேலியோரம் மெதுவாகப் பறப்பது. அதன் புழு சிறுபூனைக்காலிக் கொடியையும் ஓரிதழ்த்தாமரையையும் தின்னும்.

ஓரிதழ்த்தாமரை எங்கே வந்தது என்கிறீர்களா? அது பான்சியின் ஒன்றுவிட்ட சகோதரி. மழைக்குப் பின் செம்மண் தரிசில் அரையடி உயரத்தில் முளைத்து, ஒரு பெரிய இளஞ்சிவப்பு இதழை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் அதே மூலிகைதான். சித்த மருத்துவக் கடைகளில் பொடியாக விற்பது. லின்னேயஸ் 1753-இல் இதற்குப் பெயர் வைத்தபோது பான்சியின் பேரினமான வயோலாவிலேயே சேர்த்தார். பிற்காலத்தில் பேரினம் மாறியது, குடும்பம் மாறவில்லை. காரைக்குடி சித்திரை வெயிலை இது எந்த முற்றமும் அண்டாத் தண்ணீரும் இல்லாமல் கடந்துபோகிறது.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு தற்காப்பு ஆயுதம் உண்டு. 1960-களில் காங்கோவில் செஞ்சிலுவைச் சங்கப் பணியில் இருந்த நார்வே மருத்துவர் லாரென்ட்ஸ் கிரான், அங்குள்ள பெண்கள் பிரசவத்தை விரைவுபடுத்த வேறொரு குடும்பத்துச் செடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைக் கவனித்தார். அதிலிருந்து அவர் பிரித்த பொருள் புரதத் துண்டு. சாதாரணப் புரதம் கொதிநீரில் குலைந்துபோகும், இது குலையவில்லை. காரணம் 1995-இல் ஆஸ்திரேலியாவில் டேவிட் கிரெய்க் குழுவினர் அதன் வடிவத்தைக் கண்டபோது விளங்கியது. சுமார் முப்பது அமினோ அமிலங்கள் தலையும் வாலும் இணைந்து வளையமாகி, உள்ளே மூன்று கந்தகப் பிணைப்புகளால் முடிச்சிடப்பட்டிருந்தன. பிரிக்கத் தொடங்க ஒரு முனையே இல்லை. சைக்ளோடைடு என்று பெயரிட்டார்கள். 2001-இல் அதைத் தின்ற காய்ப்புழுக்கள் வளராமல் சாவது நிரூபணமானது. இந்த வகைப் புரதம் வயோலா குடும்பத்தில் ஏராளம். பான்சியின் மூதாதையான வயோலா டிரைகலரிலும் இருக்கிறது, ஓரிதழ்த்தாமரையிலும் இருக்கிறது. நம் வேலிகளில் படரும் சங்குப்பூவிலும் 2011-இல் கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் சங்குப்பூச் செடியின் சாற்றையே பருத்திக்கான பூச்சிமருந்தாகப் பதிவுசெய்து விற்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுச் சங்குப்பூவை அரைத்துத் தெளிக்கக் கிளம்ப வேண்டாம். வீட்டு மிக்சியில் அளவு தெரியாது. நமக்குச் சோதித்த சரக்கு வேப்பங்கொட்டை. ஐம்பது கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, ஒரு சிட்டிகை காதி சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கலாம். 1968-இல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்ற மூலக்கூறுதான் அதில் வேலை செய்கிறது. பூச்சி தோலுரிக்கும் ஹார்மோனை அது குலைக்கும். ஆய்வகத்தில் அதை முழுமையாகச் செய்ய கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, 2007-இல் முடித்தார்கள். வேப்ப மரம் அதை ஆண்டுதோறும் தெருவில் கொட்டுகிறது. வெயிலில் அது சிதைந்துவிடும், அதனால்தான் மாலை. வேப்பெண்ணெயாக வெயிலில் அடித்தால் பான்சி இலை கருகும். இன்னொன்று: பான்சிப் பூ உண்ணத்தக்கது, கேக்குக்கும் சாலடுக்கும் மேலே வைக்கிறார்கள். நர்சரியிலிருந்து வாங்கிய செடியின் பூவை அப்படி வைக்காதீர்கள். அதற்கு என்னென்ன மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

பங்குனி பிறந்ததும் செடியைப் பிடுங்கிவிடுங்கள். இழுத்துப் பிடித்து வைத்தால் அது பேனையும் அழுகலையும் வளர்க்கும் பண்ணையாக மட்டும் இருக்கும். மூன்று மாதப் பூவுக்கு மூன்று மாதம்தான் கணக்கு. பழைய மண்ணை அப்படியே அடுத்த ஆண்டுக்கு வைக்கக் கூடாது. கருவேரழுகலின் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். மண்ணை நனைத்து, மொட்டை மாடியில் அரையடிக்கு மேற்படாமல் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் இறுக மூடி ஓரம் கட்டுங்கள். கறுப்புத் தாள் இந்த வேலைக்கு ஆகாது. பங்குனி, சித்திரையில் நாலிலிருந்து ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும். இஸ்ரேலில் யாக்கோவ் கட்டானும் அவர் குழுவும் 1976-இல் வெளியிட்ட முறை இது. ஈரமண் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், வித்துகளும் ஈரத்தில் சீக்கிரம் சாகும். இதற்குத் தேவையான வெயிலுக்குச் செட்டிநாட்டில் பஞ்சமில்லை. பிறகு டிரைக்கோடெர்மா கலந்த எருவைச் சேர்த்து மூட்டையில் கட்டி நிழலில் வைத்துவிடலாம்.

அடுத்த முறை செடி வாடினால் இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். முழுச்செடியை வேரும் மண்ணுமாக ஈரத்தாளில் சுற்றி, போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். வேரைப் பார்க்காமல் யார் மருந்து எழுதிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.